அவளைத் தூங்க விடாத ஐந்து வாரங்கள்

கல்யாணமாகி இருபத்துமூன்று வருடங்களில் என் மனைவி தூங்கி நான் பார்த்ததே இல்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் படுத்த பிறகு படுப்பாள், நான் விழிப்பதற்குள் எழுந்துவிடுவாள். டெல்லி மோதி பாக்கில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அதற்குள் இருக்கிற பாத்திரங்களையெல்லாம் நிரப்பி, எனக்கும் மகளுக்கும் டப்பா கட்டி முடித்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அதே ஐந்து மணிதான்.

அதனால் ஜனவரியில் ஒரு ஞாயிறு, எட்டு மணி ஆகியும் அவள் ரஜாய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை.

"அம்மா இன்னும் எழுந்துக்கலியா?" என்று மகள் கேட்டாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், காலேஜில் இரண்டாம் வருடம்.

"தூங்கட்டும், பாவம். இன்னைக்கு ஒரு நாளாவது தூங்கட்டும்."

நானே காபி போட்டேன். மகள் பிரெட் வாட்டினாள். ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசிச் சிரித்துக்கொண்டோம். ஒன்பதேகால் வரை அப்படியே இருந்தோம்.

நான் உள்ளே போய்த் தோளைத் தொட்டபோது கண்ணைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கிப் பிடித்தேன். விட்டதும் தொப்பென்று விழுந்தது.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். அவள் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தாள்? முந்தின நாள் ராத்திரி பதினொன்று என்றேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் அடைத்த சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, நேரம் தாண்டிவிட்டது என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் என்னைவிட அதிகக் களைப்பு இருந்தது. தூக்கத்திலேயே வந்திருக்கலாம். விடியற்காலையில் வந்திருக்கலாம். நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோதும் வந்திருக்கலாம்.

வார்டில் முதல் சில நாட்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து அவளை எழுப்புவாள். கேரளத்துப் பெண். "சேச்சி, கண்ணு தொறக்கூ" என்று கன்னத்தைத் தட்டி, டார்ச் அடித்துக் கருவிழியைப் பார்ப்பாள். கையைத் தூக்கச் சொல்வாள். மூளையில் வீக்கம் கூடினால் உடனே தெரிந்துகொள்ள இதுதான் வழி என்றாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "சரி." தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கண்ணில் நீர் வழியும்போதும் சரி. வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, எனக்குப் புரியாது. இந்தியில் நன்றாகப் பேரம் பேசி சரோஜினி நகர் மார்க்கெட்டையே கலக்கியவள்.

ஆபீஸில் லீவு போட்டேன். பகலில் பிசியோதெரபிஸ்ட் வந்து ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்கச் சொல்லிக்கொடுப்பார். அவர் போனதும் அசதியில் அவள் கண்ணை மூடுவாள். நான் கட்டிலருகே போய் நிற்பேன். ஐந்து நிமிடம் பொறுப்பேன், பத்து நிமிடம் பொறுப்பேன். பிறகு முடியாது. "ஏம்மா, இங்க பாரு. கையைத் தூக்கு பாப்போம்." கண்ணைத் திறப்பாள். இடது கையைத் தூக்குவாள். "சரி" என்பாள். எனக்கு மூச்சு வரும். ராத்திரியிலும் அதேதான், செல்போனில் அலாரம் வைத்து எழுப்பினேன். அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம் மகள் காலேஜிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். நான் மனைவியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என்ன பண்றே? இப்பதானே தூங்கினா! ராத்திரியும் இப்படித்தான் எழுப்புறே. எனக்குக் கேக்குது."

"செக் பண்ணுதேன்மா. சும்மா விட்டா எப்படி?"

"பஸ் கரோ, அப்பா. ப்ளீஸ். போதும்."

"அன்னைக்கும் தூங்கட்டும்னுதான விட்டோம்?" என்று கத்திவிட்டேன்.

அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள். தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"தெரியும். நான்தான் அன்னிக்கு அந்த ரூம் கதவை மூடினேன். நாம சிரிக்கிற சத்தம் அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அது எனக்குத் தெரியாது. நான்கு வாரமாக அவள் அதைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தேன். அன்று ராத்திரியும் அலாரம் வைத்தேன்.

ஐந்தாவது வாரம் நரம்பியல் டாக்டரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். நேற்று சொல்லிக்கொடுத்தது இன்று நிற்கவில்லை, பயிற்சியின் நடுவிலேயே கண் சொருகுகிறது என்று எழுதியிருந்தது.

"நீந்த் கைசி ஹை? ராத் கோ ஸோதீ ஹைன்?" ராத்திரி தூங்குகிறாரா என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவேண்டியிருந்தது. எத்தனை மணிக்கு ஒருமுறை என்றும் கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு இந்தியில் நிதானமாகப் பேசினார். நர்ஸ் எழுப்பியது அந்த முதல் நாட்களுக்கு. அந்த ஆபத்து தாண்டியாயிற்று. இனி நடக்கவேண்டியது வேறு. செத்துப்போன பகுதி திரும்ப வராது, பக்கத்தில் உயிரோடிருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பகலில் கைக்கும் நாக்குக்கும் சொல்லிக்கொடுப்பதை ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை தனக்குள் நன்றாகப் பதித்துக்கொள்கிறது என்கிறார்கள். கண்ணை மூடியதும் அந்தத் தூக்கம் வந்துவிடாது, இறங்கிப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "ஆப் உன்ஹேன் வஹான் தக் பஹுஞ்ச்னே நஹீ தே ரஹே." நீங்கள் அவரை அதுவரை போகவே விடவில்லை.

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மனைவி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, "சரி" என்றாள்.

அன்றிலிருந்து மகள் அவளோடு படுத்தாள். நான் முன்னறைத் திவான் கட்டிலுக்கு மாறினேன். செல்போனை மகளே வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் வேலை தொடங்கியிருந்தது. இத்தனை நாள் அலாரத்துக்கு நடுவே அது என் காதில் விழவே இல்லை. இப்போது ராத்திரி முழுக்க மண்ணில் தூண் இறக்கும் மெஷினின் சத்தம் ஜன்னல் கண்ணாடியை நடுக்கியது. ஒரு சாயங்காலம் போய் வாசல் காவலாளியிடம் கேட்டேன். வீட்டில் நோயாளி இருக்கிறாள், ராத்திரி மட்டும் நிறுத்த முடியாதா என்று.

"அங்கிள்ஜி, தின் மே ட்ரக் பந்த் ஹை. காம் தோ ராத் கோ ஹீ ஹோகா." பகலில் லாரிகளை விடமாட்டார்கள், ராத்திரிதான் வேலை நடக்கும் என்றான். பாவம், அவன் என்ன செய்வான்? எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாய் குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

வீட்டிலிருந்த இரண்டு ரஜாய்களையும் ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். சத்தம் குறைந்ததா என்று தெரியவில்லை. மகள் குறைந்தது என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை மனைவி மகளைப் பார்த்து, "பாப்பா" என்றாள். அப்புறம் மெல்ல மெல்லச் சில சொற்கள் வந்தன. தண்ணி, வேண்டாம், சுடுது. "வேண்டாம்" வந்த நாள் எங்களுக்குப் பெரிய நாள். மே மாதம் நாலு கால் உள்ள கைத்தடியைப் பிடித்துப் பால்கனி வரை நடந்தாள். வலது கை விரல்கள் மட்டும் விரியவில்லை. மடங்கியபடியே இருந்தன.

ஜூலையில் டாக்டரிடம் போனபோது மகள் வரவில்லை, அவளுக்குப் பரீட்சை. பரிசோதனை முடிந்து மனைவியை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன்.

"டாக்டர் சாஹப், நான் அந்த வாரங்களில் எழுப்பாமல் இருந்திருந்தால், அந்த விரல்கள்…" என்று இந்தியில் ஆரம்பித்தேன். முடிக்க வரவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யாராலும் சொல்ல முடியாது" என்றார். "எழுப்பாமல் இருந்திருந்தாலும் இப்படியே இருந்திருக்கலாம். கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது." பிறகு வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். மழை பெய்து விட்டிருந்தது. ரிங் ரோடில் வண்டிகள் நகரவேயில்லை. அவள் என் தோளில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் தலை கனத்தது, மூச்சு நீளமாகவும் சீராகவும் வந்தது. டிரைவர் பாட்டை உரக்க வைத்திருந்தார். "பையா, தோடா கம் கர் தோ" என்று சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தார், கேள்வி எதுவும் கேட்காமல் பாட்டையே நிறுத்திவிட்டார்.

எங்கள் பிளாக் வாசலில் வண்டி நின்றது. "ஆ கயே, ஸர்ஜி." வந்தாயிற்று என்றார் டிரைவர்.

"தோ மினிட்" என்று இரண்டு நிமிடம் கேட்டேன். அவர் எஞ்சினையும் அணைத்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. மடங்கிய விரல்கள் என் முழங்காலில் கிடந்தன. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் தண்ணீர் டேங்கர் ஒன்று வந்து நின்றது. வழி விடச் சொல்லி நீளமாக ஹார்ன் அடித்தது. அவள் திடுக்கிட்டு விழித்து, இது எந்த இடம் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தாள். நான் கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.