பாறையில் விரித்த தாள்

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் வளைவில் நிற்கிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களில் வண்ணம் பூசித் தொங்கவிடுவது என் வேலை. கண்காட்சிக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி. அதில் என்ன செய்வதென்று மூன்று வாரமாக எதுவும் தோன்றவில்லை. மலை வெளிச்சம் அதில் எப்படி விழுகிறது என்று பார்க்க, பாறைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன்.

திரும்பி வந்தால், ஒரு பெண் குண்டானோடு உட்கார்ந்து, என் தாள்மேல் ஜவ்வரிசிக் கூழை வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, அது என் தாளுங்க!” என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்கிறது.

“ஐயோ சார், எங்க வூட்டுக்காரர்தான் வத்தல் ஊத்த புதுத் தாள் வாங்கியாந்து விரிச்சிட்டாருன்னு நெனச்சிக்கினேன். கல்லு வேற வெச்சிருந்திச்சி. சாயங்காலம் உரிச்சிட்டு குடுத்துடறேங்க.”

வேறு வழியில்லை. புளியமர நிழலில் படுக்கிறேன். வெயில் இலைகளுக்குள் நீந்துகிறது; நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வத்தலை ஒவ்வொன்றாக உரித்து முறத்தில் போடுகிறார். பிறகு ஆளுக்கொரு முனையாகத் தாளைத் தூக்குகிறோம். மஞ்சள் வெயில் அதற்குள் புகுகிறது. வத்தல் இருந்த இடமெல்லாம் பால் நிற வட்டங்கள். அவற்றுக்குள் மலை மிதக்கிறது, அவர் முகமும் மிதக்கிறது.

அவர் துடைக்க முந்தானையை எடுக்கிறார்.

“தொடைக்காதீங்க அக்கா!”

“இன்னா சார்,” என்கிறார் கவலையோடு, “கறையோடயா எடுத்துக்கினு போவீங்க?”