மூச்சு வாங்கும் இடம்

உத்திரமேரூர் சாலையில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே கல்லறைத் தோட்டம். இன்று கல்லறைத் திருநாள் என்பதால் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருக்கிறது. சுண்ணாம்பு இன்னும் காயாத ஒரு கல்லறையின் அருகில் நிற்பவர், என் கிதாரைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

“என் சம்சாரம் கோயில்ல பாடிக்கினு இருந்தா. அவளுக்கு ஒண்ணு வாசி, தம்பி.”

இசைத்தட்டு கேட்டு ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பரின் சோக இசையைப் பழகுபவன் நான். தெரிந்த வித்தையையெல்லாம் கொட்டுகிறேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்துகிறார்.

“இவ்ளோ வேகம் இன்னாத்துக்கு? அவ மூச்சு வாங்க வாணாவா? இழுப்புக்காரி.”

மறுபடி தொடங்குகிறேன். நாலே சுரம் மெதுவாக வாசித்துவிட்டு நிறுத்துகிறேன். அவர் கல்லறைப் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். டயரை மாற்றிவிட்டு டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடுத்த சுரத்தை நான் இன்னும் தொடவில்லை.