இந்த ஆடிக்கு யார் தொட்டில் கட்டுவது

உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறிப் போய், ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்காகப் பழ ஈ வளர்க்கிறாள் தமிழ்ச்செல்வி. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளையில்லை. மாமியார் தாயாரம்மாள் சொன்னபடி ஆடிக்கு ஆடி கோயில் மரத்தில் தொட்டில் கட்டினாள், மண்சோறு தின்றாள். ஆஸ்பத்திரியிலும் அவளுக்குத்தான் எல்லாப் பரிசோதனையும். புருஷன் சுகுமார் ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் பாய்லரடியில் வேகிறவன். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தக் கோடையில் ஆய்வகத்து ஏசி கெட்டது. சூட்டில் ஹார்மோன் தாறுமாறாகி, பெண் ஈக்கள் முட்டையை அடக்கிக்கொண்டன. குளிர வைத்ததும் இட்டன. ஆனாலும் புழு வரவில்லை. ஆண் ஈக்களைப் பார்த்தால், சூட்டில் விந்தணுவே அற்றுப்போயிருந்தது.

ஆடி பிறந்ததும் தாயாரம்மாள் புதுத் தொட்டிலை நீட்டினாள்.

"இந்த வாட்டி உங்க புள்ள கட்டட்டும் அத்தே. அப்படியே டெஸ்ட்டுக்கும் வரட்டும்."

"ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு?"

தமிழ்ச்செல்வி குரலை உயர்த்தவில்லை. சோற்றில் கை வைத்திருந்த சுகுமாரின் மடியில் தொட்டிலைப் போட்டாள்.

"முட்ட பொரிக்கலன்னா எங்க லேப்ல ஆண் ஈயயும்தான் புடிச்சிப் பாக்குறோம். ஈக்கு கீற நியாயம் இந்த வூட்ல எனக்கு இல்லியா?"