ஓகஸ்ட் மாசத்து அருவி

அண்ணை செத்த முப்பத்தொண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அவரின்ரை கூட்டாளியள் வட பிரான்ஸ் லொங்குய் ஊரிலை இருக்கிற எங்கட வீட்டை வந்திருந்தினம். வாற மே மாசம் தென் பிரான்ஸ் காட்டுக்குள்ளை அருவி அருவியாய் நடக்கப்போற பயணத்தைப் பற்றித்தான் கதை. அந்தப் பயணத்துக்கு எல்லாம் பாத்து வைச்சது அண்ணை.

"அண்ணையின்ரை இடத்திலை நான் வரட்டோ?" எண்டு கேட்டன்.

"ஆண்டுத்திவசம் முடியாமல் ஊர் சுத்தவோ? வெக்கமில்லையோடா?" எண்டார் ஒராள், வாய் நிறைய வடையோடை. அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேற ஆள் பிடிச்சிட்டினமாம். மற்றவை சிரிச்சினம்.

"மே மாசம் எனக்கு லீவில்லை, ஓகஸ்ட்டுக்கு மாத்துவம். கொண்ணன் ஏன்டா மே எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவன்?" எண்டு வடை சாப்பிட்ட அவரே என்னைக் கேட்டார்.

அங்கை கோடையிலை மழையே இல்லை, ஓகஸ்ட்டிலை அருவியெல்லாம் வத்தி வெறுங்கல்லுத்தான் கிடக்கும் எண்டு அண்ணை எனக்குச் சொன்னவர்.

"தெரியாது. ஓகஸ்ட் நல்லதுதானே" எண்டு சொல்லிப்போட்டு, அவருக்கு இன்னொரு வடை வைச்சன்.