மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி பிரேக் கட்டை

அந்தப் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு ஜோடி இருக்கும். சைக்கிள் பிரேக் கட்டைகளைச் சொல்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட வராது. பின்சக்கரத்து ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஒரு ஜோடி போதும். என் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு வேறு வகை பிரேக். தயாரிக்கிறவனுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் இரண்டு ஜோடியாகத்தான் போட்டு விற்கிறான். ஒரு காலத்தில் அது எங்களுக்கு வசதியாக இருந்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு ஜோடி எனக்கு, ஒரு ஜோடி அவனுக்கு. இப்போது அவன் பங்கை நான் மாட்டுவதில்லை, தேய்ந்தால் புதுப் பாக்கெட்தான்; என் மேசை இழுப்பறையில் மாட்டப்படாத ஜோடிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கட்டை பொருந்தக்கூடிய சைக்கிள் என்னுடையதை விட்டால் இன்னொன்றுதான். அது புளியங்குடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

எங்கள் சைக்கிளுக்கு சீட் கிடையாது. டிரையல்ஸ் சைக்கிள் என்பார்கள். ஊர் சுற்ற அது உதவாது, தாவத்தான் உதவும். நின்றபடியே ஓட்டி, பின்சக்கரத்தைப் பூட்டி, அதன்மேலேயே நிலைத்து நின்று, ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு எம்ப வேண்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்து, பெங்களூரில் ஒருவர் ஓட்டிக் கழித்த இரண்டை வாங்கிவந்தோம். முதல்முறை அவற்றைத் தெருவில் தள்ளிக்கொண்டு வந்தபோது, டீக்கடை அண்ணாச்சி இரண்டு சீட்டும் களவு போய்விட்டதாகவே நம்பி வருத்தப்பட்டார். சீட் தனியாக லாரியில் வருகிறது என்று அவன் முகம் மாறாமல் சொன்னான். அண்ணாச்சி பல நாள் லாரி வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவன் என்று சொல்லக்கூடாது. அவர் என் தங்கை புருஷன், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. ஆனால் நான் சொல்லிவரும் இந்த நாட்களில் இன்னும் அப்படி ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கூட்டாளி, தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அதனால் கல்யாணம் வரைக்கும் அவன் என்றே எழுதிவிடுகிறேன். எங்களுக்குத் தறி. அவர்களுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கும் ஏலக்கடையில் வளர்ந்த அவனுக்கும் மெதுவாகப் பேச வராது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. ஏலேதான். ஏலம் போடுகிற வாயில் வேறு என்ன வரும் என்று நான் கேலி செய்வேன்.

பிரேக் கட்டை எடுப்பது எங்களுக்குள் ஒரு பெரிய வழக்கு. சிவப்புக் கட்டை கெட்டியானது. ரிம்மில் கிரைண்டரை வைத்துக் குறுக்காகக் கீறல் போட்டுச் சொரசொரப்பாக்கினால், அந்தக் கீறலில் சிவப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். கறுப்பு மிருதுவானது, சத்தமில்லாதது. வழுவழுப்பான ரிம்முக்குப் போதும், பனி ஈரத்தில் கொஞ்சம் நழுவும். எனக்குக் கறுப்பு பிடிக்கும், அவனுக்குச் சிவப்பு. புது ரிம்மைக் கொண்டுபோய்க் கீறல் போடச் சொன்னபோது வெல்டிங் பட்டறைக்காரர், நல்லதைக் கெடுத்துக் கேட்கிறார்களே என்று எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அவன் கட்டையைக் கையில் வாங்கியதும் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவான். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி ரிம்மில் எண்ணெய்ப்பசை போகத் தேய்ப்பான். அது எந்த வீடியோவிலும் இல்லாத புளியங்குடி வைத்தியம். நான் கறுப்புக்காக எவ்வளவு வாதாடினாலும் அவன் சொல்வது ஒன்றுதான்.

“கத்தாத பிரேக்கு கடிக்காதுலே.”

கடைசியில் சிவப்புதான் வரும். எனக்கு அதில் உள்ளுக்குள் வருத்தமில்லை. எனக்காக ஒருவன் இவ்வளவு யோசிக்கிறான் என்பது நன்றாகத்தான் இருந்தது.

சிவகிரி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பாறை மேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்விடுவோம். ஒருவன் தாவுவான், மற்றவன் கீழே நிற்பான். கீழே நிற்பது சும்மா இல்லை. உயரமான பாறைக்கு எம்பும்போது பின்சக்கரம் விளிம்பைத் தொடுகிற கணம் மேலே இருப்பவனுக்குத் தெரியாது, அவன் கண் முன்சக்கரத்தின் மேல் இருக்கும். தொட்டதும் பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். முந்தினாலும் விழுவான், பிந்தினாலும் விழுவான். அந்தக் கணத்தைக் கீழே நிற்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “பிடிலே!” என்பான் அவன். எலுமிச்சை மூட்டைக்கு விலை முடிக்கிற அதே வெட்டுக்குரல். அந்தச் சொல் என் காதுக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போய், பிறகு கைக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. நேராகவே கைக்கு வந்தது.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அவன் பேச்சை எடுத்ததே நான்தான். முறையும் சரியாக இருந்தது. இனி இவன் நம்மை விட்டு எங்கே போய்விடப்போகிறான் என்ற சந்தோஷம் எனக்கு. நிச்சயதார்த்தம் முடிந்த அன்றைக்கே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இனிமே அவரு நம்ம வீட்டு மாப்பிள. ஏலே வாலேன்னு ஒன் வாயில வரப்பிடாது, பாத்துக்கோ.”

அவனுக்கும் அவன் வீட்டில் இதே பாடம் நடந்திருக்கிறது. நான் பெண்ணுக்கு அண்ணன், மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரில் கூட்டாளிகள் எல்லோரும் விளையாட்டுக்கு மாப்பிள்ளை, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதுதான். அது நிஜமானபோது எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வீட்டில் வாங்க, உட்காருங்க, பாறையில் ஏலே. இரண்டு பாஷை தெரிந்தவர்கள் மாதிரி கொஞ்ச காலம் சமாளித்தோம்.

கல்யாணம் கழிந்து, குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பமாக வேனில் கிளம்பிய ஒரு நாள், நீங்கள் அப்படி என்னதான் செய்கிறீர்கள், நாங்களும் பார்க்கிறோம் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். திரும்பும் வழியில் வேனைப் பாறை மேட்டுக்கு விடச் சொன்னோம். இந்த வேடிக்கை காட்டுவதற்காக என் சைக்கிளை வேன் மேலேயே கட்டிவந்திருந்தோம். என் அம்மா, அவர் அம்மா, தங்கை, எல்லோரும் புடவைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளை வழக்கமான இடத்தில், என் பின்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் எம்பினேன். பின்சக்கரம் விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும். வரவேண்டிய சொல் வரவில்லை. “மச்சான், பிரேக்கப் பிடிங்க” என்று யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. பிழையில்லாத, மரியாதையான வாக்கியம். என் கைக்கு அது புரியவில்லை.

இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. திருநெல்வேலியில் பிளேட் வைத்தார்கள். எப்படி விழுந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், பிரேக் பிடிக்கவில்லை, அந்தக் கட்டை சரியில்லை என்று. கட்டில் ஓரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

“நான் பாத்துத்தான் எடுத்தேன், அத்தை” என்றார்.

கட்டையின் மேல் குற்றமில்லை என்று நான் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எதனால் விழுந்தாய் என்பது. அதற்குப் பதில் சொன்னால் அது அவர் தலையில் போய் விழும். சொல்லாவிட்டாலும் அவர் தலையில்தான், கட்டையை எடுத்தது அவர். தனியாக இருந்திருந்தால், ஏலே, நீ ஒழுங்காகக் கத்தியிருந்தால் நான் ஏன் விழப்போகிறேன் என்று நாலு வசவு வைதிருப்பேன், அவனும் வைதிருப்பான், அன்றைக்கே முடிந்திருக்கும். மாப்பிள்ளையை அப்படி வைய முடியாது. மாப்பிள்ளையும் மச்சானிடம் அப்படி மன்னிப்புக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களெல்லாம் அவர் எனக்கு இளநீர் வாங்கிவந்து, ஸ்ட்ராவைப் போட்டு நீட்டி, குடிங்க மச்சான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் பாறைக்கு வரவில்லை. ஆடித் தபசுக்கும் தீபாவளிக்கும் தங்கையோடும் பிள்ளையோடும் வீட்டுக்கு வருவார். எதிரெதிரே நாற்காலியில் உட்காருவோம். இந்த வருஷம் மழை எப்படி, பழம் என்ன விலைக்குப் போகிறது, நூல் விலை ஏறிவிட்டதா. காப்பி வரும், குடிப்போம். ஒருதரம் தங்கைக்கே பொறுக்கவில்லை. “என்னத்துக்கு ரெண்டு பேரும் கலெக்டரும் தாசில்தாரும் மாதிரி பேசிக்கிடுதீங்க?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் நூல் விலையைப் பற்றி இன்னொரு தரம் கேட்டார்.

பகை என்றால்கூடப் பேசித் தீர்க்கலாம். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை. என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் எங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கூட்டாளி எங்கே என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? செத்துப்போயிருந்தால் அழலாம். சண்டை போட்டுப் போயிருந்தால் திட்டலாம். அவர் எதிரில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

கை கூடிய பிறகு நான் மறுபடியும் ஓட்டத் தொடங்கினேன். தனியாகத்தான். பெரிய பாறை பக்கம் போவதில்லை. முழங்கால் உயரக் கற்களில் ஏறி இறங்குவதோடு சரி. சத்தமில்லாத கறுப்புக் கட்டையே போட்டுக்கொண்டேன், வேண்டாம் என்று சண்டை பிடிக்க ஆளில்லை. சிலநாள் எம்பும்போது நானே எனக்கு, பிடிலே, என்று சொல்லிப் பார்ப்பதுண்டு. நாமே நம்மை அதட்டினால் கை கேட்பதில்லை. ஆடு மேய்க்கிற ஒருவர் கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுவிட்டு, என்ன, யார் கூடப் பேசுதீரு, என்றார். போனில் என்று சொல்லிவைத்தேன்.

போன மாதம் கட்டை தேய்ந்துவிட்டது. ரிம்மில் அன்றைக்குப் போட்ட கீறலும் மழுங்கிக் கிடந்தது. இழுப்பறையில் கறுப்பு ஜோடிகள் எத்தனையோ இருந்தன. எடுத்து மாட்டியிருந்தால் வேலை முடிந்தது. அவன் பங்கை எடுக்கவோ இன்னொரு கறுப்பு வாங்கவோ எனக்கு என்னவோ அன்றைக்கு மனம் வரவில்லை. ரிம்மைக் கொண்டுபோய் மறுபடியும் கீறல் போட்டுவந்தேன். ஆன்லைன் கடையில் சிவப்பும் கறுப்பும் இருப்பதைப் போனில் அப்படியே படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். கீழே, “எத வாங்கட்டும்?” என்று மட்டும் எழுதினேன். வாங்கட்டும் என்பதில் மரியாதையும் இல்லை, மரியாதைக்குறைவும் இல்லை. அதைத் தேடிப் பிடிக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. குரல் செய்தி. சத்தத்தில் கேட்காதே என்று காதோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். பின்னால் ஏலக்கடை இரைச்சல். அதற்கு மேலே அவன் குரல்.

“சிவப்ப எடுலே. கத்துனா கத்தட்டும்.”

இன்னொரு தரம் கேட்பதற்காகத் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் அந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது, என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத்தில் ஒரு புதுச் செய்தி. “சிவப்பு நல்லா இருக்கும் மச்சான்.” நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் குரல் செய்தியின் மைக் குறி நீலமாகிவிடுமே.  கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். பிறகு, சரிங்க மாப்பிள்ளை, என்று பதில் எழுதினேன்.

பாக்கெட் வந்தது. இரண்டு ஜோடி. ஒன்றை மாட்டிவிட்டேன்; முதல் பிடிப்பிலேயே தெரு நாய்கள் எழுந்து ஓடின. மற்றதை இழுப்பறையில் போடவில்லை. முன்னறையில், மாப்பிள்ளை வழக்கமாக உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறேன். வருகிற ஆடித் தபசுக்கு அவர் வருவார். நூல் விலை கேட்பார். அம்மா காப்பியைக் கொண்டுவந்து அந்த ஸ்டூலில், கட்டைகளுக்குப் பக்கத்தில் வைப்பாள். “எடுத்துக்கோங்க மாப்பிள்ளை” என்று நான் சொல்வேன். காப்பியைச் சொல்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.