ரிஜிஸ்டரில் நான் எழுதிய வரி

வில்லியனூர் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனி. பாட்டில் கழுவும் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே ஒரு ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தார்கள். ஷிஃப்ட் முடியும்போது மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்திலிருந்து எல்லாமே ஆங்கிலம்.

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, டிப்ளமாவும் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். நான் எழுதும் ஆங்கிலம் சரியா தப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. எழுத்து கோணாமல் இருந்தாலே அம்மாவுக்குச் சந்தோஷம். பள்ளியில் ஆங்கில இலக்கணத்தின் நிகழ்காலத்தை நான்கு கட்டம் போட்டு மனப்பாடம் செய்தோம். தினமும் நடப்பது ஒரு கட்டம், இந்த நேரம் நடந்துகொண்டிருப்பது இன்னொன்று, இப்போதுதான் முடிந்தது மூன்றாவது, முன்பே தொடங்கி இன்னும் நடப்பது நான்காவது. கோடிட்ட இடங்களை நிரப்பி மதிப்பெண்ணும் வாங்கினேன். என் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து ஒரு வரி எழுது என்று யாரும் கேட்டதில்லை.

முதல் வாரம் ரிஜிஸ்டரில் சொந்தமாக ஒரு வரி எழுதினேன். மறுநாள் கேண்டீனில் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் அதை உரக்கப் படித்தார்.

“மோட்டார் இஸ் மேக் சவுண்டாம்! இன்னாடா இது? டிப்ளமா படிச்சியா, டிராமா படிச்சியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு ஒரு மூத்த ஃபிட்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இதுக்குப் போயி இன்னாத்துக்குப்பா மண்டய ஒடச்சிக்கிற? நேத்து இன்னா எழுதிக் கீதோ அதப் பாத்து எழுது. அதுல தப்பு வராது.”

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். கையெழுத்துதான் மாறியிருந்தது, வரி ஒன்றேதான். ‘ஆல் வால்வ்ஸ் ஆர் வொர்க்கிங் ப்ராப்பர்லி. நோ லீக்கேஜ் இஸ் ஃபவுண்ட்.’ அதை முதலில் எழுதியவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வால்வெல்லாம் சரி, கசிவு இல்லை என்று நல்ல ஆங்கிலம். நானும் அதையே எழுத ஆரம்பித்தேன். மாதங்கள் ஓடின.

மெஷினில் பாட்டில் அடுக்கும் வேலையில் ஒரு அக்கா இருந்தார். கிருமாம்பாக்கத்துக்காரர், காண்ட்ராக்ட் ஆள். இரண்டு பேரும் ஒரே வேனில்தான் வந்து போவோம். ஒரு திங்கட்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, சுடுதண்ணி வால்வு சொட்டுதுபா. கால்ல வுழுது. எழுதி வையி, மேல இருக்கறவங்க பாக்கட்டும்.”

போய்ப் பார்த்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் ரிஜிஸ்டரைத் திறந்தபோது பேனா நின்றுவிட்டது. காலையிலிருந்து சொட்டுகிறது, இப்போதும் சொட்டுகிறது. இதற்கு எந்தக் கட்டம்? உள்ளங்கையில் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் தப்பாகத் தெரிந்தன. கேண்டீனில் கேட்ட சிரிப்பு காதில் விழுந்தது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. பழைய வரியையே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

“எழுதிட்டியா?” என்றார் அக்கா வேனில்.

“எழுதிட்டேன்கா.”

புதன்கிழமை அந்த வால்வு பிய்த்துக்கொண்டது. கொதிக்கும் தண்ணீர் அக்காவின் வலது கையில், முழங்கையிலிருந்து விரல் வரை கொட்டியது. நாங்கள் குழாயடியில் அவர் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றோம். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். கையில் பெரிய கட்டு. அவருடைய மகள் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் வால்வத் திருகிட்டேன்னு பேசிக்கிறாங்களாமே,” என்றார் அக்கா. “காண்ட்ராக்டரு போன் பண்ணி, இனிமே வராதன்னுட்டான். போடான்னுட்டேன். நீதான் எழுதி வெச்சிருக்கியே தம்பி. அத எடுத்துக் காட்டு, போதும்.”

நான் தலையாட்டினேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் விசாரணை. உள்ளே போகும் முன் இன்சார்ஜ் என்னை ஓரமாக இழுத்தார். “அடுத்த மாசம் உனக்கு வேல நிரந்தரம் ஆவுது. வாய மூடிக்கினு இரு.” உள்ளே மேனேஜர் எதிரில் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். “பாருங்க சார், தெளிவா கீது. வால்வு நல்லாத்தான் இருந்திருக்கு. அந்தம்மாதான் கை வெச்சிருக்கணும்.”

அவர் விரல் இருந்த இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “நீ பாத்தத எழுதிக் குடுப்பா.”

பேனாவைப் பிடித்தேன். மறுபடியும் அதே நான்கு கட்டங்கள்.

“சார், தமிழ்ல எழுதலாமா?”

“எழுதேன். யாரு வேணான்னா?”

ரிஜிஸ்டரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை. நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. திங்கட்கிழமை வால்வு சொட்டியதை எழுதினேன். அக்கா சொன்னதை, நான் போய்ப் பார்த்ததை, அதன்பிறகும் இரண்டு நாளும் பழைய வரியையே பார்த்து எழுதியதை எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். பிறகு ரிஜிஸ்டரை ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். இன்சார்ஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் வேலை நிரந்தரம் ஆவது ஆறு மாதம் தள்ளிப் போனது.

அக்கா வந்த முதல் நாள், நான் எழுதாமல் விட்டதை வேறு யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று வேன் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தேன். முழுவதும் கேட்டார்.

“அப்போ எழுதிட்டேன்னு சொன்னியே?”

“பயந்துட்டேன்கா. இங்கிலீஷ் தப்பாப் பூடும்னு.”

தோல் உரிந்து வெளுத்திருந்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டார். “நான் சொன்னது தமிழ்லதான தம்பி. அத அப்படியே எழுதியிருக்கலாமே,” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறித் தனியாக முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது நான் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் தமிழில், அதன் கீழே தெரிந்த ஆங்கிலத்தில். தப்பு வருகிறது. இன்சார்ஜ் சிவப்பு மையில் திருத்துகிறார், கேண்டீனில் படித்துக் காட்டுவதில்லை. மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் அக்கா என்னிடம்தான் வந்து சொல்கிறார். சொன்னதும் போய்விடுவதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறார்.