நாலு போனும் ஒரு வைஃபையும்

உரக்கடையில் பில் போடுகிறவளுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை வளர்த்துவிட்டவளும் நான்தான். ராஜபாளையத்தில் பதினோரு வருஷமாக யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் பில் போட்டுப் போட்டு, எதைப் பார்த்தாலும் பெருக்கிக் கழிக்கிற புத்தி வந்துவிட்டது. சிலிண்டர் எத்தனை நாள் வரும், சீட்டை எந்த மாசம் எடுக்கலாம் என்பதிலெல்லாம் வீட்டில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அப்படித்தான் ஒரு நாள் செல்போன் ரீசார்ஜ் விஷயத்தையும் கையில் எடுத்தேன். அதில் என் ஓரகத்தியின் வாயையே அடைத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதி வரை என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள்.

சோழபுரத்தில் எங்கள் வீட்டில் மொத்தம் நாலு போன். என்னுடையது ஒன்று. மினி லாரியில் தேங்காய் லோடு அடிக்கிற என் வீட்டுக்காரருடையது ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காலேஜுக்குப் போகிற மகளுடையது ஒன்று. நாலாவது ஓரகத்தியின் போன். என் கொழுந்தனைக் கட்டி மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தவள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கொழுந்தனுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

கொழுந்தனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒரே ரூமில் ஆறு ஆண்களோடு தங்கியிருக்கிறார். தனி வீடு பிடிக்கிற வரைக்கும் அவளை எங்களோடு விட்டு வைத்திருக்கிறார். அவள் தினமும் பஸ் ஏறித் தளவாய்புரம் போய் நைட்டி தைக்கிறாள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவள் திரும்பும்போது அவர் ஷிப்டில் இருப்பார். மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ளே போனால் நடுராத்திரிதான் வெளியே வருவார், அதுவரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கிற அரை மணி நேரம்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சு. அதுவும் வீடியோ காலில். காது கேட்கிற நாம் டேட்டா தீர்ந்தால் சாதாரணக் காலில் பேசிக்கொள்வோம். அவர்களுக்கு டேட்டா தீர்ந்தால் பேச்சே தீர்ந்தது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

கம்பெனிக்காரர்களுக்கு மாசம் என்றால் இருபத்தெட்டு நாள். அப்படிப் பார்த்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதிமூன்று தடவை ரீசார்ஜ் போடுகிறோம். இதை நான் கண்டுபிடித்த அன்றைக்குக் கடைக்கு வந்த விவசாயிகளிடமெல்லாம் சொன்னேன். ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஒரு போனுக்கு முந்நூற்றைம்பது என்றால் நாலு போனுக்கு ஆயிரத்து நானூறு. அதுவும் மகளுக்கு ஒரு நாள் டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். எனக்கோ பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் மிச்சமெல்லாம் போய்விடும். கொடுத்த காசுக்கான சாமானைக் கடைக்காரனே திரும்ப எடுத்துக்கொள்கிற வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஹாலில் வெள்ளைப் பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கும் முன்பே பாஸ்வேர்டைக் கொடுத்து உபசரித்தாள். அவள் தெருவில் மூன்று கம்பெனிக்காரர்கள் போட்டி போடுகிறார்களாம். லைன் இழுக்கக் காசில்லை, பெட்டிக்குக் காசில்லை, மாசம் ஐநூறுக்கும் குறைவு, வீட்டில் எத்தனை போன் வேண்டுமானாலும் ஓடும் என்றாள். எனக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை.

சோழபுரத்தில் விசாரித்தால் கதை வேறாக இருந்தது. மொட்டை மாடியில் வைக்கிற ஒயர் இல்லாத பெட்டி ஒன்று இருக்கிறது என்று ஒருவர் வந்தார். போனைத் தூக்கிப் பிடித்து மாடியைச் சுற்றி வந்தார். பக்கத்துத் தென்னந்தோப்பைப் பார்த்தார். ஒரு வருஷப் பணம் மொத்தமாகக் கட்ட வேண்டும், ஆனால் காற்று மழைக்கு சிக்னல் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உள்ளதைச் சொன்ன மனுஷன். அடுத்து கேபிள் டிவிக்காரர் வந்தார். பைபர் லைன் தருகிறேன், ஆறு மாசப் பணம் முன்னாலேயே வேண்டும், கடைசி போஸ்டிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் ஒயர் காசு தனி என்றார். டவுனில் சும்மா கொடுப்பதற்கு எங்களிடம் மட்டும் எதற்குக் காசு என்று சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. டவுனில் ஒரு போஸ்டுக்கு முப்பது வீடு கிடைக்கும், இங்கே மூன்றே வீடு, நானும் பிழைக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அன்றைக்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வைஃபை வந்துவிட்டால் ஒருத்தர் போனிலும் டேட்டா தேவையில்லை. நாலு போனுக்கும் பேச மட்டுமான சின்ன பிளான் போட்டால் போதும். ஒயர் காசைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மாசம் முந்நூறு ரூபாய் மிச்சம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் முந்நூறுதான் வந்தது. மறுநாளே கேபிள்காரருக்குப் பணத்தைக் கட்டினேன், ஒரே வாரத்தில் எங்கள் ஹாலிலும் ஒரு பெட்டி மினுக்க ஆரம்பித்தது.

எங்கள் தெரு முக்கில் செல்போன் கடை வைத்திருக்கிற பாய் பல வருஷப் பழக்கம். நாலு நம்பரையும் சொல்லி, எல்லாவற்றுக்கும் டேட்டா இல்லாத பிளானைப் போடச் சொன்னேன். மூன்று நம்பருக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பிள்ளைக்கும் இதேதானா போடணும்?"

"எல்லாத்துக்கும் ஒண்ணு போலப் போடுங்க பாய். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் கொறையன்னு எங்க வீட்ல கிடையாது" என்றேன்.

எவ்வளவு பெரிய மனுஷி மாதிரிப் பேசியிருக்கிறேன் பாருங்கள். காதும் கேட்காத, பேச்சும் வராத பெண்ணுக்கு எண்பத்துநாலு நாளைக்கு அளவில்லாமல் பேசிக்கொள்கிற வசதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். பாய் நாலாவது நம்பருக்கும் போட்டுவிட்டார். அவர் என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் எனக்கே உறைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் வாரமே மகள் ஒரு பாட்டம் அழுதாள். காலேஜில் நோட்ஸெல்லாம் குரூப்பில்தான் வருகிறது, பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்கிறாயா என்றாள். அவள் அப்பா எனக்குத் தெரியாமல் அவளுக்கு டேட்டா போட்டுக் கொடுத்தார். பிறகு, லோடு ஏற்றக் காத்திருக்கும்போது பொழுது போகவில்லை என்று தனக்கும் போட்டுக்கொண்டார். எனக்கு அது தெரிந்து அவரிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாய் உள்ளவர்கள் சண்டை போட்டு அவரவர் டேட்டாவை வாங்கிக்கொண்டார்கள். என் கணக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டவள் ஓரகத்தி ஒருத்திதான். அவள் குணமே அப்படி என்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இரண்டாவது மாசம் ஒரு நாள் கடையில் இருக்கும்போதே குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸ் பிடித்து வந்து இறங்கும்போது மணி ஒன்றேகால் இருக்கும். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்கக் கூடாத நேரம். பயந்துகொண்டேதான் உள்ளே போனேன்.

ஹாலில் வைஃபை பெட்டிக்கு நேர் கீழே ஓரகத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். போன் அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்திருந்தது. அதில் கொழுந்தன் முகம். இரண்டு கையும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணும் புருவமும் தோளும்கூடச் சேர்ந்து பேசின. எங்கள் வீட்டில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எங்களோடு இருக்கும்போது அவள் கை மடியில்தான் கிடக்கும்.

அதைப் பார்த்து இளகியிருக்க வேண்டும். நான் இளகவில்லை. காய்ச்சல், பயம், அதற்கு மேல் என் குணம். வேலையை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறாய், பீஸ் கணக்கு என்னாகும், கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். என் நிழல் மேலே விழுந்துதான் அவள் திரும்பினாள். என் குரல் எட்டவில்லை, முகம் எட்டிவிட்டது. சட்டென்று போனை எடுத்து அணைத்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அவளுக்கு அடுத்த மெஷினில் தைக்கிறவள் எங்கள் தெருதான். சாயங்காலம் போர்வையைச் சுற்றிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தைக்கிற இடத்தில் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவது பழக்கமாம். ஒருத்தி போனில் டேட்டா தீர்ந்தால் இன்னொருத்தி கொடுப்பாள். டேட்டா போன புதிதில் ஓரகத்தியும் அப்படி வாங்கித்தான் பேசியிருக்கிறாள். ஆனால் மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள், இவளுக்கு வீடியோ. வீடியோவுக்கு டேட்டா தண்ணீராகப் போகும். அதோடு வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க இவள் முறை வரும் நாளில் இவள் போனில் ஒன்றும் இருக்காது.

"நாங்க ஒண்ணும் சொல்லல மதினி. அவளாத்தான் கேக்குறத விட்டுட்டா. பொறவு மத்தியானமானா பஸ் ஏறி வீட்டுக்கு ஓடுதா, சோறுகூட திங்க மாட்டா. ஒங்க வீட்ல என்ன கஷ்டமோன்னு நாங்க நெனச்சோம்."

கஷ்டம் ஒன்றுமில்லை, கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அதனால் அவள் போய்வர ஒரு பைசா செலவாகவில்லை. ஆனால் போக, காத்திருக்க, திரும்ப என்று தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றிருக்கிறது. நான் மாசத்தில் மிச்சம் பிடித்ததை அவள் வாரத்தில் இழந்துகொண்டிருந்தாள். அந்தக் கணக்கைவிட அந்தச் சோறுதான் என்னை அறுத்தது. பத்து நிமிஷம் புருஷன் முகத்தைப் பார்க்க ஒரு பெண் தினமும் பட்டினி கிடந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேல் வந்த கோபத்தில் காய்ச்சல்கூடத் தெரியவில்லை.

நேரே பாய் கடைக்குப் போனேன். டேட்டா மட்டும் போதும், பேச்சு வசதி வேண்டாம், அதற்கு விலை குறையுமா என்று கேட்டேன். டேட்டா மட்டும் வருகிற சின்ன பேக் வீடியோவுக்கு அதிக நாள் தாங்காது, தினமும் மாசக்கணக்கில் வேண்டுமென்றால் பேச்சும் சேர்ந்துதான் வரும் என்றார். பேச முடியாதவளும் பேச்சுக்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும். இருப்பதிலேயே பெரிய டேட்டாவைப் போடச் சொன்னேன். ராத்திரி அவள் போனை வாங்கி, டேட்டா வந்த மெசேஜைத் திறந்து காட்டிக் கையில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். தப்பைத் திருத்தியாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாளும் கடைக்கு லீவு. மத்தியானம் ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தது. ஓரகத்தியிடமிருந்து வீடியோ கால். மூன்று வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. நானும் அவளைக் கூப்பிட்டதில்லை. எடுத்தேன். பின்னால் நைட்டித் துணி மலையாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் திறந்த டிபன் பாக்ஸ், அதில் பாதிச் சோறு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் என்னவோ கேட்டாள். எனக்கு அவள் பாஷையில் சாப்பாடு, தண்ணீர், வா, கதவைச் சாத்து, பஸ் வந்துவிட்டது, இவ்வளவுதான் தெரியும். எல்லாம் வேலை வாங்குகிற வார்த்தைகள். அவள் கேட்டது அதில் எதுவும் இல்லை. மறுபடியும் மெதுவாகக் கேட்டாள். நெஞ்சைத் தொட்டாள், என்னைக் காட்டினாள், புருவத்தைச் சுருக்கினாள். எனக்குப் பிடிபடவில்லை. புரியாத நேரத்தில் நாங்கள் எல்லோரும் அவளிடம் வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். சிரித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் கை நின்றுவிட்டது. போனைக் கையில் எடுத்தாள். திரையில் அவள் தாடையும் கூரைத் தகரமும் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது.

"அக்கா என் மேல கோபமா கேட்டேன். ஆமா சொல்லிட்டீங்க."

படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். இல்லை இல்லை என்று திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஆனால் இத்தனை நாள் அர்த்தமில்லாமல் ஆட்டிய தலையை இப்போது மட்டும் அவள் எப்படி நம்புவாள்? கோபம் உன் மேல் இல்லை, நான்தான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல என்னிடம் குரல் இருந்தது, டேட்டா இருந்தது, வைஃபையும் இருந்தது. அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை.

எழுத்து எழுத்தாகத் தேடி டைப் அடித்தேன். "கோபம் இல்ல. மன்னிச்சிருன்னு கையால எப்படிச் சொல்லணும்?"

அவள் அதைப் படிக்க நேரமாயிற்று. சாப்பாட்டு நேரம் முடிந்து பின்னால் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அவள் எழுந்து போகவில்லை. போனைத் துணிக் குவியலின் மேல் சாய்த்து வைத்தாள். தன் இரண்டு கையும் எனக்கு முழுசாகத் தெரிகிற தூரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.